சீட்டுக்கு வந்த கெளுத்தி

பார்த்ததும் கண் எடைதான் போட்டது.
நாலு கிலோ. தலையும் குடலும் போனால் இரண்டரை.
செதில் இல்லை, உரசுகிற வேலை மிச்சம்.
செவுளுக்குக் கீழே கத்தி வைத்தால் ஒரே இழுப்பு.
காசிமேட்டில் இருபது வருஷமாக மீன் வெட்டுகிற கை,
அதற்கு வேறு கணக்கு தெரியாது.

கொளத்தூரில் கலர்மீன் கடையை இழுத்து மூடிய ஜோதிலிங்கம்
பதினாலாயிரம் சீட்டுப் பாக்கிக்கு
இதையும் ஆறடித் தொட்டியையும்
குட்டியானையில் ஏற்றி அனுப்பிவிட்டான்.
"அமேசான் ஆத்து மீனுக்கா. வாலு செவப்பு பாரு. ராசி."
உன்னிடம் இருந்தபோது அந்த ராசி எங்கேடா போச்சு
என்று நான் கேட்கவில்லை.
தொட்டி உள்ளே வர
கட்டில் வெளியே போனது.

முதல் நாளே தெர்மாமீட்டரை விழுங்கியது.
மறுநாள் கக்கியது.
வயிற்றுக்குள் போய் வந்தும் அது
முப்பத்திரண்டு என்றே காட்டியது.
சித்திரை வெயில். ஐஸ் கம்பெனியில் பாளம் வாங்கி
பையோடு மிதக்கவிட்டேன்.
லாரித் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாதாம்,
மருந்து வாடை போக இரண்டு நாள் டிரம்மில் கிடக்கணுமாம்.
லாரி வந்தால் முதல் எட்டுக் குடம் அதற்கு.
"எங்களுக்கு மூஞ்சி கழுவத் தண்ணியில்ல,
உன் மீனு நாள் பூரா முங்கிக் குளிக்குது"
என்றாள் எதிர்வீட்டு ரெஜினா.
பிறகு அவளே ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள்.

ஆனால் சாப்பிடவில்லை.
கடம்பாத் துண்டு. நெத்திலி.
கேரளாவிலிருந்து வந்த ஐஸ் மீன்.
கிலோ அறுநூறுக்கு இறால், ஓடு உரித்து, நரம்பு எடுத்து,
என் பிள்ளைக்குக்கூட அப்படி எடுத்ததில்லை.
மீசை ஒருமுறை தொடும். திரும்பிக்கொள்ளும்.
மூலையில் போய் முகத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொள்ளும்.
இரவு பத்து மணிக்கு, தினம் ஒரு நம்பரிலிருந்து
ஜோதிலிங்கம் கேட்பான்: "துன்னுச்சாக்கா?"
பணத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் லைன் கட்டாகிவிடும்.

தடைக்காலம்.
துறைமுகத்தில் லாஞ்சுகள் தோளோடு தோள் உரசிக் கிடந்தன.
என் புருஷன் தேசப்பன்
வலை பின்னுவதும் முடிந்து, சீட்டாடக் காசும் முடிந்து,
தொட்டி எதிரே பாயில் உட்கார்ந்திருந்தான்.
தட்டை வைத்தால் இரண்டு வாய். தள்ளிவிடுவான்.
நான் யாரை முதலில் கெஞ்சுவது?

ஒன்பதாம் நாள் ராத்திரி கரண்ட் போனது.
மோட்டார் நின்றது. குமிழி நின்றது.
அந்த அமைதியில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும் சத்தம்.
நான் மெழுகுவத்தி தேடுவதற்குள்
அவன் எழுந்து பிளாஸ்டிக் ஜக்கை எடுத்தான்.
மொண்டு, ஒரு முழம் உயர்த்தி, ஊற்றினான்.
மொண்டு, ஊற்றினான்.
கடலில் ஓட்டை விழுந்த போட்டில் தண்ணீர் இறைத்தவன்,
இறைத்ததை அதிலேயே ஊற்றுவது இதுதான் முதல் தடவை.
ஒன்றரை மணி நேரம். கை மாற்றக்கூட என்னை விடவில்லை.
நடுவில் ஒரு இறாலை இருட்டுக்குள் போட்டான்.

களக்.

"எடுத்துக்குச்சு" என்றான்.
பத்து நாளில் அவன் பேசிய முதல் சொல்.
பிறகு சோறு இருக்கிறதா என்று கேட்டான்.

ஜோதிலிங்கத்துக்கு நானே போன் போட்டேன்.
துன்னுச்சுடா என்றேன்.
அந்தப் பக்கம் ரொம்ப நேரம் எதுவும் இல்லை.
மூக்கை உறிஞ்சினான்.
"வாரத்துக்கு ரெண்டு வாட்டி போதும்க்கா.
கேக்கும். குடுக்காத.
மூணு அடி வளரும், மனசுல வெச்சுக்க."
எங்கள் வீட்டின் அகலம் ஒன்பதடி.

நேற்று சந்தையில் ஒரு கெளுத்தி வந்தது.
கடல் கெளுத்தி, வேறு சாதி.
கல்லில் வைத்தேன். கத்தி நிற்கவில்லை.
மீசையை மட்டும்
முன்னைப்போல் முதலில் நறுக்காமல்
கடைசியில் நறுக்கினேன்.

இன்று காலை டப்பாவில் இறாலை எண்ணினேன்.
மூன்று குறைந்தது.
ராத்திரி யார் போட்டது என்று சத்தமாகவே கேட்டேன்.
பாயில் படுத்திருந்ததும் சரி,
தொட்டிக்குள் படுத்திருந்ததும் சரி,
வாய் திறக்கவில்லை.